‘டியூசன் வேவர்’ என்றால் கிளாஸ் இல்லை என்றா அர்த்தம்?

3 மார்ச் 2024, கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சியின் கேள்வி

"ரீச்சர், என்ட தம்பிக்கு அமெரிக்காவில மாஸ்டர்ஸ் செய்ய இடம் கிடைச்சிருக்கு. கடிதத்தில ‘ஃபுல் டியூசன் வேவர்’ என்று கிடக்கு. வேவர் என்றால் விட்டுக்கொடுக்கிறது என்று டிக்சனரியில பார்த்தம். வாப்பா கேட்டுப்போட்டு, ‘அப்ப அங்க டியூசன் இல்லையா, புள்ள தனியக் கிடந்து என்னெண்டு படிக்கிற’ என்று கவலையில இருக்கார். எதை விட்டுக்கொடுக்கிறாங்க? விளக்கமாச் சொல்லுங்க."

3 மார்ச், இரவு

வாப்பாவிடம் இப்பவே சொல்லுங்க, இது நல்ல சேதி. அமெரிக்காக்காரர் டியூசன் என்று எழுதினால் அது காசு. படிப்பிக்கிறதுக்காகக் கெம்பஸ் வாங்குற கட்டணம். அதை முழுசா வேண்டாம் என்று விட்டிருக்கிறாங்க. தம்பிக்கு என் வாழ்த்து.

4 மார்ச்

கடிதத்தை எடுத்துத் திரும்ப ஒருக்கா வாசியுங்க. அங்க டியூசன் ஒரு கணக்கு, ஃபீஸ் என்பது வேறொரு கணக்கு. நாங்கள் இரண்டையும் சேர்த்து "கெம்பஸ் காசு" என்று சொல்லிவிடுவோம். அவர்கள் பிரித்துத்தான் எழுதுவார்கள். மாணவர் சேவைக் கட்டணம், தொழில்நுட்பக் கட்டணம், மருத்துவக் காப்புறுதி எல்லாம் ஃபீஸ் பக்கத்தில் வரும். டியூசன் முழுதாகத் தள்ளுபடியானாலும் இவை கட்ட வேண்டியிருக்கலாம். இருக்க இடம், சாப்பாடு, விமானச்சீட்டு எல்லாம் வேற.

வீசாவுக்கு முன் ‘ஐ-20’ என்று ஒரு படிவம் வரும். அதில் டியூசனுக்கு இவ்வளவு, வாழ்க்கைச் செலவுக்கு இவ்வளவு, கெம்பஸ் தருவது இவ்வளவு, மாணவன் காட்ட வேண்டியது இவ்வளவு என்று தனித்தனி வரியாகப் போட்டிருப்பார்கள். வாப்பா பார்க்க வேண்டியது மாணவன் காட்ட வேண்டிய தொகையை. செவிஸ் என்கிற வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டொலரும் வீசா விண்ணப்பக் கட்டணமும் இந்தக் கணக்குக்குள் வராது. அதையும் மனசில வைத்துக்கொள்ளுங்க.

4 மார்ச், பின்னேரம்

இன்னொன்று. அசிஸ்டன்ட்ஷிப் என்ற சொல் கடிதத்தில் இருக்கா? பேராசிரியருக்கு ஆய்வில் உதவி, இல்லாவிட்டால் முதலாம் வருசப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க உதவி. பலருக்கு டியூசன் தள்ளுபடி இந்த வேலையோடு கட்டித்தான் வரும். படிப்பு நடக்கிற காலத்தில் மாணவ வீசாவோடு கெம்பஸுக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். வேலையை விட்டால் தள்ளுபடியும் போகுமா, புள்ளி எந்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்துவார்கள், இந்த இரண்டையும் ஈமெயில் போட்டுக் கேட்கச் சொல்லுங்க. கேட்டதுக்காக யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

6 மார்ச்

தங்கச்சியின் கேள்வி என்னை விடுகுதில்லை. வாப்பா நினைத்ததும் சரியான அர்த்தம்தான், கெம்பஸ்காரர் எழுதினதும் சரியான அர்த்தம்தான். ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு வாழ்க்கை.

1828இல் நோவா வெப்ஸ்டர் அமெரிக்காவில் தன் பெரிய அகராதியை வெளியிட்டார். அதில் டியூசனுக்கு மூன்று அர்த்தம் போட்டிருக்கிறார். முதலாவது பாதுகாவல்: சின்னப் பிள்ளையைப் பொறுப்பெடுத்துக் கண்காணிக்கிறது. இரண்டாவது படிப்பிக்கிறது, இதுதான் இப்போது பொதுவழக்கு என்கிறார். மூன்றாவது படிப்பிக்கக் கொடுக்கிற காசு. எங்கள் கல்லூரிகளில் வருசத்துக்கு முப்பது முதல் நாற்பது டொலர் வரை என்று விலையும் சொல்லியிருக்கிறார்!

அந்த வரிசையைப் பாருங்க. காவல், பாடம், காசு. சரித்திரமும் அதே வரிசைதான். ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 15ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தபோது காவல் என்ற அர்த்தம் மட்டும்தான். படிப்பித்தல் என்ற அர்த்தம் 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஏறியது. காசு கடைசியாக வந்தது, ‘டியூசன் ஃபீ’ என்ற தொடரைச் சுருக்கினதில். அமெரிக்கா கடைசிப் படியில் நிற்கிறது. பிரித்தானியாவும் நாங்களும் நடுப்படியில்.

7 மார்ச்

"லண்டனில என்னெண்டு சொல்லுவாங்க?" என்று ஆரையம்பதித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அங்க படிப்பித்தல் டியூசன், காசு ‘டியூசன் ஃபீஸ்’. ஃபீஸ் என்ற சொல்லை விடமாட்டார்கள். இங்கிலாந்தில் 1998இல் வருசத்துக்கு 1,000 பவுண் என்று கொண்டுவந்து, 2006இல் 3,000 ஆக்கி, 2012இல் 9,000 வரை ஏற்றினதும் இந்தப் பேரில்தான். கார் ஓட்டப் பழக்குகிறதையும் டியூசன் என்பார்கள், பியானோவையும் டியூசன் என்பார்கள். அமெரிக்காவில் அதற்கெல்லாம் ‘லெசன்’. எங்கட பிள்ளைகள் பின்னேரம் போகிறது அமெரிக்காவில் ‘டியூட்டரிங்’.

ஆகவே தம்பி வீசா நேர்முகத்தில் கவனமாக இருக்க வேண்டும். "ஐ வென்ட் ஃபோர் டியூசன்" என்றால் கேட்கிறவருக்கு விளங்காது. "மை ஃபாதர் பெய்ட் மை டியூசன்" என்றால் வாப்பா கெம்பஸ் கட்டணம் கட்டினார் என்று எடுத்துக்கொள்வார். எங்கட அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கக் கட்டணம் இல்லை என்ற கதையை அதுக்குப் பிறகு விளக்கப் போனால் பேச்சு சுத்திச் சுத்தி நிற்கும்.

9 மார்ச்

ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பொடியன் ஒருவன் எழுதினது: "ரீச்சர், உம்மா ஃபோன் எடுத்து எங்க நிக்கிறாய் என்று கேட்டா, ‘இன் டியூசன்’ என்று சொல்லுவன். ஆங்கிலப் புத்தகத்தில ‘இன்டியூசன்’ என்று ஒரு சொல் கிடக்கு. அது உள்ளுக்க நிக்கிறவனுக்கா?"

சிரிச்சு முடிய அகராதியை எடுத்தேன். மனே, நீ பகிடிக்குக் கேட்டது பொய்யில்லை. இரண்டும் ஒரே லத்தீன் வினையில் பிறந்தவை. தூவேரி என்று அந்த வினை. பார்த்தல், கவனித்தல் என்று பொருள். அதன் முன்னால் ‘இன்’ சேர்ந்தால் ஒன்றை உற்றுப் பார்த்தல். யாரும் விளக்கிச் சொல்லாமலே மனசுக்குப் பட்டென்று தெரிகிற அறிவுக்கு அது பேராகிவிட்டது. உம்மாவுக்கு உன்னில் இருக்கிறது இந்த இரண்டாவதுதான். நீ உண்மையில எங்க நிக்கிறாய் என்று அவவுக்குத் தெரியும்.

10 மார்ச்

அந்த லத்தீன் வினையில் ஒரு அழகு இருக்கு. பார்ப்பதும் காப்பதும் அதில் ஒன்று. ஒன்றை அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது காவல் ஆகிவிடும். அவர்களுக்கு அது எவ்வளவு இயல்போ, நமக்கும் அவ்வளவு இயல்பு. கடைக்குப் போகிற தாய் பக்கத்து வீட்டு அக்காவிடம் "புள்ளையை ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்க" என்றால் அந்த அக்கா வெறுமனே கண்ணால் பார்த்துக்கொண்டு இருப்பாவா?

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மைக் காவலுக்குப் பரணில் இருக்கிறவருக்கும் வேலை பார்வைதான். ஆனை வருகுதா, பன்றி வருகுதா, வாய்க்காலில் தண்ணி நிற்குதா. அவர் நெல்லை விளைய வைக்கிறதில்லை, விளைகிற நெல்லைப் போக விடாமல் வைத்திருக்கிறார். டியூசன் என்ற சொல் ஆங்கிலத்தில் கால் வைத்தபோது இந்தப் பார்வைதான் அதற்குள் இருந்தது.

13 மார்ச்

நோன்பு தொடங்கியாச்சு, கல்முனைப் பக்கம் கிளாஸ் நேரமெல்லாம் மாறியிருக்கும். தங்கச்சி வீட்டுக்கு நோன்பு வாழ்த்து.

‘டியூட்டர்’ என்ற சொல்லைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். உரோமர் சட்டத்தில் டியூட்டர் படிப்பிக்கிறவர் இல்லை. தகப்பனை இழந்த சின்னப் பிள்ளைக்குச் சட்டப்படியான காவலர். பிள்ளையின் சொத்தை நிர்வகிக்கிறது அவர் பொறுப்பு. இது சம்பளத்துக்குச் செய்கிற தொழிலாக இருக்கவில்லை, ஒருவர் ஏற்றே ஆகவேண்டிய கடமை. பிள்ளை வயசுக்கு வந்தபின் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குப் பிழைத்தால் வளர்ந்த பிள்ளை அவருக்கு எதிராக வழக்குப் போடலாம்.

அந்தக் காவலுக்குக் கீழே இருந்த பிள்ளைக்குப் பேர் ‘பியூப்பிலஸ்’. அதிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘பியூப்பில்’, இப்ப நாங்கள் மாணவன் என்று மொழிபெயர்க்கிற சொல். ஸ்கொட்லாந்துச் சட்டத்தில் இந்தப் பழைய ஜோடி வெகுகாலம் தப்பி இருந்தது. 14 வயசுக்குக் கீழ்ப்பட்ட ஆணும் 12 வயசுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணும் பியூப்பில், அவர்களின் சட்டக் காவலர் டியூட்டர். 1991இல் வந்த சட்டம் அதை மாற்றியது. பிரெஞ்சுக்காரர் இன்றைக்கும் சட்டக் காவலரை அந்தப் பேரால்தான் அழைக்கிறார்கள்.

ஆகவே டியூட்டரும் பியூப்பிலும் முதல்முதல் சந்தித்தது வகுப்பறையில் இல்லை. ஒரு மரணம் நடந்த வீட்டில்.

13 மார்ச், இன்னும் கொஞ்சம்

கண்ணின் கருமணிக்கும் ஆங்கிலத்தில் பியூப்பில் என்றுதான் பேர், அது எப்படி என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறா. லத்தீனில் ‘பியூப்பில்லா’ என்றால் சின்னப் பெண்பிள்ளை, பொம்மை. எதிரே நிற்கிறவரின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தால் நம்முடைய உருவமே பொம்மை மாதிரிச் சின்னதாகத் தெரியும், அதுதான் காரணம். வள்ளுவர் "கருமணியிற் பாவாய்" என்று எழுதினபோது பார்த்ததும் அதே பொம்மையைத்தான். உரோமரும் தமிழரும் ஒருவரிடம் ஒருவர் கேட்டு எழுதியிருக்க வேண்டியதில்லை. கண்ணைக் கிட்டப் பார்த்த எவருக்கும் அது தெரியும்.

14 மார்ச்

ஒரே ஒரு வரி. ஊர்க் காவல் தெய்வத்துக்கு ஆங்கில நூல்களில் ‘டியூட்டலரி டீட்டி’ என்று எழுதுவார்கள். எங்கட வைரவரும் எங்கட டியூசன் சேரும் ஒரே குடும்பம்.

17 மார்ச்

நான் ஏன் இதை இவ்வளவு நீட்டுகிறேன் என்று யாரோ கேட்டிருக்கிறீர்கள். சொல்லுறேன்.

நான் ஏ.எல். படிக்கிற காலத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டிலில் கணக்குக் கிளாஸ் நடக்கும். அரைச்சுவர், மணல் தரை, பலகை வாங்கு. மழை பெய்தால் கரும்பலகையில் ஒழுக்கு விழுந்து எழுதினது கரையும். மண்டூரில் இருந்து மூன்று நாலு பிள்ளைகள் வருவார்கள். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் வாவி. பாதையில்தான் கடக்க வேண்டும். (வெளியூர் ஆட்களுக்கு: எங்கட பக்கம் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவி கடக்கிற மிதவைக்குப் பாதை என்று பேர்.) கடைசிப் பாதை போய்விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு இரவு போக்கிடம் இல்லை.

மாஸ்டர் மேசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருப்பார், முகப்பு தன் பக்கம் தெரிகிற மாதிரி. வகையீட்டுக் கணக்கு நடுவில் நின்றாலும் சரி, நேரம் வந்ததும் சோக்கட்டியை வைத்துவிடுவார். "மண்டூர் ஆக்கள் எழும்புங்க." மிச்சப் பேர் இருந்து முடிப்போம். அடுத்த நாள் மண்டூர்ப் பிள்ளைகள் வந்ததும், விட்ட இடத்திலிருந்து அவர்களுக்கு மட்டும் திரும்பச் செய்து காட்டுவார், கிளாஸ் தொடங்க முதல். ஒருநாள் வாவியில் காற்றென்று கேள்விப்பட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்கே போய்விட்டார், பிள்ளைகள் ஏறினதைப் பார்த்துவிட்டு வர.

அந்த மனிசன் எங்களுக்கு வகையீடும் தொகையீடும் படிப்பித்தார். அதைவிட, பார்த்துக்கொண்டார். அகராதியில் டியூசனுக்கு முதல் அர்த்தத்தை வாசித்தபோது எனக்கு அந்தக் கைக்கடிகாரம்தான் கண்ணுக்குள் நின்றது.

18 மார்ச்

அக்கரைப்பற்றிலிருந்து சேர் ஒருவர் கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறார். "காசு வாங்கினால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாதவன் என்று அர்த்தமா? உரோமச் சட்டத்தில சம்பளம் இல்லை என்று எழுதுறீங்க. எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு. ஹோல் வாடகை, கரண்ட் பில், ஃபோட்டோகொப்பி. பள்ளியில கொடுக்கிற சம்பளத்தில என்ன மிஞ்சும்?"

சேர், நியாயமான கேள்வி. காசு வாங்குறது பிழை என்று நான் நினைக்கவில்லை. நான் சொன்ன மாஸ்டரும் காசு வாங்கித்தான் படிப்பித்தார். இங்கிலாந்தின் பழைய கதையும் உங்கள் பக்கம்தான். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜுக்குப் பதினாலு பதினைஞ்சு வயசுப் பொடியன்களும் போவார்கள். கல்லூரி டியூட்டர்தான் அவர்களுக்குப் பாடம் சொல்லுவார். வீட்டிலிருந்து வந்த காசை வைத்திருந்து செலவுக்குக் கொடுப்பதும் அவர்தான், கெட்டுப்போகாமல் பார்ப்பதும் அவர்தான். அதுக்குக் கூலியும் உண்டு. காவலும் பாடமும் காசும் ஒரே ஆளின் கையில் சண்டையில்லாமல் இருந்திருக்கு.

பிறகு இரண்டு ஊரும் இரண்டு வழியில் போனது. ஒக்ஸ்ஃபோர்டில் இன்று டியூட்டர் என்றால் பாடம் நடத்துகிறவர். கேம்பிரிட்ஜில் கல்லூரி டியூட்டர் பாடமே நடத்தத் தேவையில்லை. பிள்ளைக்கு வருத்தம், வீட்டுப் பிரச்சினை, காசுக் கஷ்டம் என்றால் போய் நிற்கிற ஆள் அவர். பாடம் பார்க்கிறவருக்கு சுப்பவைசர் என்று பேர். கேம்பிரிட்ஜ் பழைய அர்த்தத்தை இன்னும் கையில் வைத்திருக்கு.

20 மார்ச்

சேருக்கு எழுதினதைத் திரும்ப வாசித்தேன். காசு குற்றமில்லை என்பதில் நிற்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது.

என் அக்காவின் மகள் ஒரு டவுனில் பெரிய டியூட்டரி (டியூசன் நிலையம்) ஒன்றுக்குப் போனாள். வாசலில் காசு கட்டின கார்ட் பார்க்க ஒரு பொடியன் நிற்பான். அந்த மாதத்துக் கட்டத்தில் சீல் இல்லாத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை. இவளின் வகுப்புத் தோழி ஒருத்தி, தாய் வெளிநாட்டில், காசு வரப் பிந்தினது. திருப்பி அனுப்பினதை வீட்டில் சொல்ல வெட்கம். வீட்டுக்கும் போகாமல் ரோட்டோரம் வேம்புக்குக் கீழே நின்று, ஸ்பீக்கரில் கேட்கிற பாடத்தைக் கொப்பியில் எழுதியிருக்கிறாள். படம் கீறுகிற இடமெல்லாம் வெறுமையாக விட்டு. "இந்த அம்புக்குறியைப் பாருங்க" என்று சேர் சொன்னது மட்டும் எழுதிக் கிடந்தது. எந்த அம்புக்குறி என்று பிள்ளைக்குத் தெரியாது. எங்கட வீட்டில வந்திருந்துதான் அந்தப் படங்களைப் பார்த்துக் கீறினாள். அந்தக் கொப்பியை நான் பார்த்தேன்.

பெரிய பெரிய கிளாஸ் என்றால் ஒவ்வொரு பிள்ளையின் முகமும் சேருக்குத் தெரிய வாய்ப்பில்லை, அதை ஒத்துக்கொள்ளுறேன். ஆனால் பொம்பிளைப் பிள்ளை ஒன்று இருட்டில ரோட்டில நின்றது யாருக்குமே தெரியாது என்றால், அங்கே நடக்கிறது பாடம், டியூசன் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. காசு பிந்தினால் தாய்க்கோ தகப்பனுக்கோ ஃபோன் எடுங்க. பிள்ளையை உள்ளே இருத்திப்போட்டு எடுங்க.

22 மார்ச்

கொஞ்சம் லேசான விசயத்துக்கு வருவம். எங்கட நாட்டிலேயே இந்தக் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கு. ஒன்று டியூட்டரி. இங்கிலாந்துக்காரரிடம் சொன்னால் முழிப்பார். இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மற்றது டியூட். டியூட்டோரியல் என்ற நீட்டுச் சொல்லை வெட்டினது. அவுஸ்திரேலியாவில் டியூட் என்றால் கெம்பஸில் சின்னக் குழுவாக இருந்து நடத்துகிற வகுப்பு. இங்க அது சேர் அடிச்சுத் தருகிற தாள். ‘தியரி டியூட்’, ‘பேப்பர் டியூட்’, ‘போன கிழமை டியூட் தாடி, ஃபோட்டோ அடிச்சிட்டுத் தாறன்’.

என் காலத்தில் ரோனியோ, மைத்தாளில் படியெடுக்கிற மெசின். தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் மை வாசம், விரலில் தொட்டால் கறுப்பு.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்லடிப் பக்கம் ஒரு சேர், கடலுக்கு வீடும் போய், வருசக்கணக்காகச் சேர்த்த டியூட் கட்டுகளும் போய், ஒரு பாடசாலை மண்டபத்தில் தன் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கிளாஸ் தொடங்கினார். வினாக்களை ஞாபகத்திலிருந்து கையால் எழுதினார். ஒரு தாள், நாலு பிள்ளைக்குச் சுற்றும். அந்தப் பிள்ளைகளில் சிலருக்குத் தாய் தகப்பன் இல்லாமல் போயிருந்தது. காசு என்ற பேச்சே இல்லை. அமெரிக்கக் கடிதத்தில் வந்த வேவர் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர்தான். அவர் விட்டுக்கொடுத்ததுக்குக் கடிதம் ஒன்றும் இல்லை.

25 மார்ச்

"டியூசன் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, எங்களிட்ட என்ன இருந்தது?" என்று வந்தாறுமூலைத் தம்பி ஒருவர் கேட்கிறார்.

அண்ணாவியார் இருந்தார், இன்னும் இருக்கிறார். வடமோடியோ தென்மோடியோ (எங்கட கூத்தின் இரண்டு வகை) ஒரு கூத்துப் பழக்க ஊர் கூடி அவரைக் கூப்பிடும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று குரலையும் உடம்பையும் பார்த்துச் சட்டங்கொடுப்பார், அதாவது அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பார். வயலால் வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு இரவில்தான் பழக்கம். மாசக்கணக்கில் போகும். நான் சின்னப் பிள்ளையாக மணலில் இருந்து பார்த்த ஒரு காட்சி: பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக ஆடுகிறார்கள், அண்ணாவியார் மத்தளத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. திடீரென்று அடியை நிறுத்தி, "வலப்பக்கம் மூன்றாம் ஆள், இடது கால் பிந்துது" என்றார். தலையே நிமிர்த்தவில்லை. காலடி மண்ணில் விழுகிற ஓசையில் பிடித்துவிட்டார்.

சதங்கை கட்டி, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை), அரங்கேற்றம் முடியும்வரை ஆட்டக்காரர் அவர் பொறுப்பு. யார் குடித்துவிட்டு வந்தான், யாருக்குத் தொண்டை கட்டிக் கிடக்கு, எல்லாம் அவருக்குத் தெரியும். அரங்கேற்றத்தன்று ஊர் அவருக்கு மரியாதை செய்யும். காவல், பாடம், கடைசியாகத்தான் காசு.

28 மார்ச்

வந்தாறுமூலைத் தம்பிக்கு இன்னும் கொஞ்சம். வெஸ்லியன் மிசனறி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அடுத்த வருசமே இங்கேயே இறந்துபோனார். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கினார், அவர் சமாதியும் அங்கேதான் இருக்கு. பள்ளியோடு மாணவர் இல்லமும் அங்கே இருந்தது. உண்ண, உறங்க, படிக்க, மூன்றுக்கும் ஒரே வளவு. 1945இல் கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் என்ற அர்த்தத்தில் டியூசன் எங்கட அரசாங்கப் பள்ளிகளில் அன்றைக்கே முடிந்தது. பின்னேரக் கிளாஸ் என்ற அர்த்தத்தில் பிறகு வந்து வாசலில் நின்றது. காரணம் எல்லாருக்கும் தெரியும்: ஐந்தாம் ஆண்டில் ஸ்கொலசிப் சோதினை, கடைசியில் ஏ.எல். முடிவில் கெம்பஸ் இடத்தைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி. கெம்பஸ் இடம் குறைவு, கேட்கிறவர் கூட.

2 ஏப்ரல்

தடை செய்தால் என்ன என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். தென்கொரியா 1980இல் தனியார் டியூசனைத் தடை செய்தது. வசதியுள்ளவர்கள் ஒளித்துப் படிப்பித்தார்கள். 2000இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தடை செல்லாது என்றது. சீனா 2021 ஜூலையில் கட்டாயக் கல்வி வயசுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களை இலாபத்துக்குப் படிப்பிக்கிறதை நிறுத்தியது.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஞாயிறு காலை அறநெறி (சமய வகுப்பு) நேரத்தில் கிளாஸ் வைக்காதீங்க, வெள்ளியிலும் வைக்காதீங்க, இருட்ட முதல் பிள்ளைகளை அனுப்புங்க. பரீட்சை கிட்ட வந்தால் இந்த மூன்றும்தான் முதலில் பறக்குது. தாய் தகப்பனும் "இன்னும் ஒரு கிளாஸ்" என்று கேட்கிறதை நிறுத்த வேண்டும். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறதை நான் பார்த்திருக்கிறேன்.

5 ஏப்ரல்

திருக்கோவிலில் இருந்து ஒரு தம்பி: "ரீச்சர், நான் டியூட்டரியில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். கனடாவுக்கு சி.வி. அனுப்பணும். ‘ஐ கேவ் டியூசன்’ என்று எழுதலாமா?"

வேண்டாம். வட அமெரிக்காவில் அதை நீங்கள் யாருக்கோ கட்டணம் கொடுத்தீர்கள் என்று வாசிக்கக்கூடும். தனிப்பிள்ளைக்குப் படிப்பித்தால் ‘பிரைவேட் டியூட்டர்’. கூட்டமாகப் படிப்பித்தால் ‘சயன்ஸ் இன்ஸ்ட்ரக்டர்’ என்று போட்டு, இடத்தை ‘டியூட்டரிங் சென்டர்’ என்று எழுதுங்க. டியூட்டரி என்ற சொல் அங்கே செல்லாது. இங்கிலாந்துக்கு அனுப்புகிறதென்றால் ‘டியூசன் சென்டர்’ சரி. டியூட் எழுதினதை விட்டுவிடாதீர்கள். பாடக்குறிப்பும் வினாத்தாளும் நீங்களே தயாரித்தீர்கள் என்றால் அது ஒரு தகுதி. எந்த ஆண்டு, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை வருசம், எல்லாம் போடுங்க.

தமிழ்மூலம் படிப்பித்ததை மறைக்க வேண்டாம். இரண்டு மொழியில் விஞ்ஞானம் விளக்கத் தெரிந்த ஆளை அங்கேயும் தேடுகிறார்கள், அதை முதல் வரியிலேயே போடுங்க. எழுதி முடித்ததும் இங்கே ஒட்டுங்க, இலக்கணம் பார்த்துத் தாறன்.